ஆறு மணி விளக்கு

குடியிருப்பின் காவலாளி போன் செய்தபோது மணி பதினொன்றே கால். வங்கியிலிருந்து என்று சொல்லி இரண்டு பேர் வந்தார்களாம். ஐந்தாவது மாடிக்குப் போய்க் கதவில் ஒரு தாளை ஒட்டி, அதைப் போட்டோவும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். "உங்களுக்குத் தெரிஞ்சுதானே அண்ணே?" என்று கேட்டார். கிரேன்காரர், "தெரியும், தெரியும்" என்று சொல்லி போனை வைத்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

அவருடைய மனைவிக்கு ரொட்டிக் கடையில் வேலை. விடிவதற்கு முன்பே போய் மதியம் ஒரு மணிக்கு வீடு திரும்புவாள். அவள் வருவதற்குள் அந்தத் தாள் கதவில் இருக்கக் கூடாது. கிரேன்காரர் கார் நிறுத்தத்தில் தான் உட்காரும் டோக்கன் கூண்டைப் பூட்டி, வயிறு சரியில்லை என்று அடுத்த வாசல் ஆளிடம் ஒரு பொய் சொல்லிவிட்டு, கிடைத்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டார். பொய் சொல்வது அவருக்கு இப்போதெல்லாம் மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிட்டது.

நோட்டீஸ் ஒட்ட வந்த புண்ணியவான்கள் நாலு மூலையில் மட்டும் பசை தடவியிருந்தால் காரியம் சுலபம். அவர்களோ தாள் முழுக்கத் தடவியிருந்தார்கள். இழுத்தால் மேல் பாதி கிழிந்து கையோடு வந்தது, கீழ்ப் பாதி கதவோடு நின்றது. ஈரத் துணியைப் போட்டு ஊறவைத்து அதையும் ஒரு துண்டாக உரித்தார், கதவில் ஒட்டிக்கொண்ட மிச்சத்தை ஒரு நாணயத்தால் சுரண்டினார். எல்லா எழுத்தும் போன பிறகும் 'ஏலம்' என்ற சொல் மட்டும் போக மாட்டேன் என்று அடம்பிடித்தது. அதைச் சுரண்டி முடிக்கும்போது மணி பன்னிரண்டு ஐம்பத்தாறு. கீழே லிஃப்ட் கிளம்பும் சத்தம் கேட்டது. அவர் படிக்கட்டு வழியாக இறங்கினார். மூன்றாவது மாடியில் இருக்கும்போது மேலே மனைவியின் சாவிக்கொத்து குலுங்கியது. கிழிந்த தாளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு சொந்த வீட்டிலிருந்து திருடன் மாதிரி வெளியே போனார்.

இவர் ஏன் இப்படி ஒளிந்து திரிகிறார் என்று சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது வருஷம் டவர் கிரேன் ஓட்டியவர். கட்டுமானத் தளத்தில் இவரை 'ஆகாயம்' என்றுதான் கூப்பிடுவார்கள். நூற்று நாற்பதடி உயரத்தில் உட்கார்ந்துகொண்டு, மூன்று டன் கம்பிக்கட்டைக் கீழே சுண்ணாம்பால் போட்ட கோட்டின் மேல் விரல் அளவு பிசகாமல் இறக்குவார். அந்தச் சம்பளத்தை நம்பித்தான் நாலு வருஷத்துக்கு முன்னால், தன் பேரிலும் மனைவி பேரிலுமாகக் கடன் வாங்கி இந்த வீட்டை வாங்கினார். சமையலறை ஜன்னலைத் திறந்தால் இரண்டு கிலோமீட்டர் தள்ளி அவருடைய கிரேன் தெரியும். வீட்டில் வேறு எதுவும் மனைவிக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அந்த ஜன்னலுக்காகத்தான் சரி என்றாள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு இறங்குவதற்கு முன் அவர் கேபின் விளக்கை இரண்டு தடவை அணைத்து அணைத்துப் போடுவார். 'இறங்குகிறேன்' என்று அர்த்தம். அவள் அதைப் பார்த்துவிட்டு ஜன்னலை விட்டு நகர்வாள். அவர் படியேறி வரும் நேரத்துக்குச் சரியாக டீ தயாராக இருக்கும். இருவரும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டதுகூடக் கிடையாது. அதுபாட்டுக்கு நடந்து வந்தது.

பதினோரு மாதத்துக்கு முன் ஒரு காற்று நாளில், தூக்கிய கம்பிக்கட்டின் பெல்ட் அறுந்தது. கீழே நின்று கை காட்டும் சிக்னல்காரர் பக்கத்து மணல் குவியலில் பாய்ந்து தப்பித்தார். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் கிரேன்காரரின் கை, பிடித்த லீவரை விடவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து ஆள் ஏறிப் போய்த்தான் அவரை இறக்கினார்கள். மறுநாள் ஏணியில் பன்னிரண்டு படி ஏறினார், அதற்கு மேல் கால் வரவில்லை. அடுத்த நாள் எட்டுப் படி. மூன்றாம் நாள் ஏணியைத் தொட்டதும் உள்ளங்கை வேர்த்துவிட்டது. டாக்டரிடம் போகலாம்தான். ஆனால் பயம் என்று சீட்டில் எழுதிவிட்டால் லைசென்ஸ் போகும், ஊர் சிரிக்கும். 'சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்' என்று நாலு வரி எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். ஆகாயம் என்று பேர் வாங்கியவருக்கு இப்போது வேலை ஒரு வணிக வளாகத்தின் அடித்தளத்தில், தரைக்குக் கீழே இரண்டாவது தளத்தில், கார்களுக்கு டோக்கன் கொடுப்பது. சம்பளம் பழையதில் பாதிகூட இல்லை.

மனைவியிடம் சொல்லவில்லை. தினமும் டிபன் பெட்டியோடு கிளம்புவார். டோக்கன் வேலை ஐந்து மணிக்கு முடிந்துவிடும், அப்புறம் ஒரு மணி நேரம் பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். விளக்கு? அதற்கும் ஒரு ஏற்பாடு செய்திருந்தார் மனுஷன். தன் இடத்துக்கு வந்த புது டிரைவரிடம், உடம்பு சரியில்லாமல் கொஞ்ச நாள் லீவு, வீட்டுக்குத் தெரிந்தால் கவலைப்படுவார்கள், இறங்கும்போது ரெண்டு தடவை விளக்கை அணைத்துப் போட்டுவிடு என்று கேட்டுக்கொண்டார். அவரும் நல்ல மனுஷர், ஒருநாள் தவறாமல் போட்டார். காற்று அதிகமாகிச் சீக்கிரம் இறங்கினால் முன்கூட்டியே போன் பண்ணிச் சொல்லிவிடுவார். இந்த மூளையில் கால்வாசியை வங்கி விஷயத்தில் செலவழித்திருந்தால் கதவில் நோட்டீஸ் வந்திருக்காது.

வங்கியிலிருந்து அதுவரை பதினேழு கடிதங்கள் வந்திருந்தன. கீழே காவலாளியிடமே வாங்கிக்கொண்டுவிடுவார். எல்லாம் அவருடைய பழைய ஹெல்மெட் பையில், பாதுகாப்பு பெல்ட்டுக்கு அடியில் கிடந்தன. ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. வங்கியிடம் இருந்தது அவருடைய போன் நம்பர் மட்டும்தான், வந்தால் எடுப்பதில்லை. ஏமாற்ற வேண்டும் என்று நினைக்கிற ஆளும் இல்லை. வெறுங்கையோடு போய் என்ன பேசுவது, முழுப் பாக்கியையும் சேர்த்துக்கொண்டு தலை நிமிர்ந்து போவோம் என்றுதான் இருந்தார். ஒரு பிஸ்கட் டப்பாவில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டும் வந்தார். டப்பா நிறைகிற வேகத்தைவிடப் பாக்கி ஏறுகிற வேகம் மூன்று மடங்கு. அதோடு தொழில் பழக்கம் வேறு. கிரேனில் முதல் பாடமே, கீழேயிருந்து வரும் கைச்சாடை புரியவில்லை என்றால் அப்படியே நிறுத்து, அசையாதே என்பதுதான். பத்தொன்பது வருஷம் அந்தப் பாடம் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியது. அதையே வீட்டுக் கடனிலும் கடைப்பிடித்தார். நிறுத்தினார், அசையவில்லை.

அன்று மத்தியானம் கூண்டுக்குத் திரும்பியதும் கிழிந்த தாளின் இரண்டு துண்டுகளையும் சேர்த்து வைத்துப் படித்தார். ஏலத்துக்கு இன்னும் இருபத்தேழு நாள். அடியில் ஒரு போன் நம்பர். அடித்தளத்தில் குரல் விட்டுவிட்டுத்தான் கேட்கும், கார்கள் ஏறி இறங்கும் சரிவில் பாதி தூரம் ஏறி நின்று அந்த நம்பரை அழுத்தினார். யாரும் எடுக்கக் கூடாது என்றுதான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டார்.

எடுத்தது ஒரு பெண். திட்டுவாள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டார். அவள் திட்டவில்லை. கடன் நம்பரைக் கேட்டாள், தட்டிப் பார்த்தாள், "பத்து மாசமா உங்ககிட்ட பேச முயற்சி பண்ணிட்டிருக்கோம் சார்" என்றாள். மூன்று மாதத்தில் முழுப் பாக்கியையும் கட்டிவிடுகிறேன் என்று ஆரம்பித்தார். எப்படிக் கட்டுவீர்கள் என்று கேட்டாள்.

"சார், நான் இப்ப உங்ககிட்ட பணம் கேக்கல. பேப்பர்தான் கேக்கறேன். நீங்க பேசாம இருந்தா, உங்களுக்கு வீடு வேணாம்னுதான் எங்க ஃபைல்ல எழுதிக்குவாங்க."

அவர் சரிவின் சுவரைப் பிடித்துக்கொண்டார். பணம் இல்லாதவர்களோடு பேசுவதற்கென்றே வங்கியில் ஒரு பிரிவு இருக்கும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. அவள் நிதானமாகச் சொல்லச் சொல்ல, டோக்கன் கட்டின் முதுகில் எழுதிக்கொண்டார். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, மாதச் செலவு விவரம், பழைய கம்பெனியின் கடிதம், தவணை ஏன் நின்றது என்று அவரே எழுதும் ஒரு கடிதம். எல்லாவற்றிலும் கடன் வாங்கிய இரண்டு பேரின் கையெழுத்து. இவை முழுதாக, ஏலத்துக்குப் பதினைந்து நாள் முன்னால் வந்து சேர்ந்தால் ஏலத்தை நிறுத்திவைத்துப் பரிசீலிப்பார்கள். ஒன்று குறைந்தாலும் இல்லை. பேசிய தேதி, நேரம், தன் எக்ஸ்டென்ஷன் நம்பர் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளச் சொன்னாள். பன்னிரண்டு நாள் இருந்தது.

கம்பெனியில் வேலை குறைந்துவிட்டது என்று எழுதிவிடலாமா என்று மெல்லக் கேட்டுப் பார்த்தார். கம்பெனியின் கடிதமும் அதையே சொன்னால் எழுதுங்கள் என்றாள். கம்பெனி கொடுத்த கடிதத்தில், சொந்த விருப்பத்தில் விலகினார் என்று மையில் அச்சடித்துக் கிடந்தது. அதை வாங்கத் தளத்துக்குப் போனவர், தலையை ஒரு தடவைகூட மேலே தூக்கவில்லை. திரும்பவும் சரிவில் ஏறிப் போன் செய்து விஷயத்தைச் சொன்னார்.

"நல்ல சம்பளத்தை விட்டுட்டு ஏன் சார் வந்தீங்க? அதை எழுதுங்க. என்ன நடந்துச்சோ அதை மட்டும் எழுதுங்க."

ஏழு நாள் எழுதினார். கூண்டுக்குள் உட்கார்ந்து எழுதுவார், கார் வந்தால் மறைப்பார், கிழிப்பார். பெல்ட் அறுந்தது வரை நன்றாகப் போகும், அடுத்த வரி வராது. எட்டாம் நாள் ஒருவழியாக, 'அதன் பிறகு எனக்கு மேலே ஏறப் பயமாக இருக்கிறது' என்று எழுதினார். எழுதிவிட்டு அந்த வரியைக் கையால் மூடிக்கொண்டார். அழுகை வந்தது.

அடுத்த இக்கட்டு கையெழுத்து. மனைவியின் கையெழுத்தில் கடைசி எழுத்து ஒரு சுழி சுழித்து மேலே போகும். டோக்கன்களின் முதுகில் போட்டுப் பழகினார். சுண்ணாம்புக் கோட்டின் மேல் கம்பி இறக்கிய கைக்கு அது பெரிய வித்தையா? முப்பதாவது டோக்கனில் அவளே போட்ட மாதிரி இருந்தது. தாளில் போடுவதற்கு முன், எந்த மையில் போட வேண்டும் என்று கேட்பது போல வங்கிப் பெண்ணைக் கூப்பிட்டார். எந்த மையானாலும் சரி, ஆனால் மனைவியிடம் நாங்களே பேசி, கடிதத்தைப் படித்தார்களா, கையெழுத்து அவர்களுடையதுதானா என்று கேட்டுக்கொள்வோம் என்றாள். முப்பது டோக்கனையும் சுக்குநூறாகக் கிழித்தார். இரண்டு நாள் சும்மா போனது. பதினொன்றாம் நாள் வந்துவிட்டது.

அன்று அவர் பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்காரவில்லை. ஐந்தே முக்காலுக்குக் கதவைத் திறந்தபோது மனைவி சமையலறை ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் கை நின்றது.

"என்னங்க இது, இன்னும் விளக்குகூடப் போடல?"

அவர் ஹெல்மெட் பையை மேசையில் கவிழ்த்தார். பதினேழு கடிதங்களும், கிழிந்த நோட்டீஸும் விழுந்தன. அதன் மேல் தன் கடிதத்தை வைத்து, படி என்பது போலத் தள்ளினார். அவள் நின்றபடியே படித்தாள். ஒரு தடவை முடித்துவிட்டு முதலிலிருந்து மறுபடி படித்தாள். அப்போது ஜன்னலுக்கு வெளியே, தூரத்தில், கிரேன் கேபின் விளக்கு அணைந்தது, எரிந்தது, அணைந்தது, எரிந்தது. இருவரும் பார்த்தார்கள். அவருக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

"அது யாரு?" என்றாள்.

புது டிரைவர், தான்தான் போடச் சொன்னேன் என்று அவர் சொன்னார். சொல்லும்போது குரல் அவருக்கே கேட்கவில்லை.

"அப்ப பதினோரு மாசமா நான் யாருக்கோ அடுப்பு பத்த வெச்சுக்கிட்டிருந்தேனா?"

கத்தியிருந்தால் பரவாயில்லை. அவள் கத்தவில்லை. சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேனா என்று மட்டும் கேட்டாள். வீடு போகட்டும், சுவர்தானே என்றாள். ஜன்னலில் நின்று பார்த்ததை எண்ணினால்தான் வயிறு எரிகிறது என்றாள். நாளை மாலை நாலு மணிக்குள் கையெழுத்தோடு கொடுக்க வேண்டும் என்று அவர் சொல்லிப் பார்த்தார். அவள் காதில் வாங்கவில்லை. பதினேழு உறைகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்துத் தேதி வரிசையில் அடுக்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அன்று அந்த வீட்டில் டீயும் இல்லை, பேச்சும் இல்லை.

காலையில் எழுந்து பார்த்தால் அவளும் இல்லை, மேசையில் தாள்களும் இல்லை. கடிதம், சம்பளச் சீட்டு, கம்பெனித் தாள், நோட்டீஸ், ஒன்றும் இல்லை. போன் செய்தார், மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி செய்தார். ஒன்பது தடவை செய்தார். எடுக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. பத்து மாதமாக அந்த வங்கிப் பெண்ணுக்கும் இப்படித்தானே இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். கிழித்துப் போட்டிருப்பாளோ என்றும் நினைத்தார். அப்படிச் செய்திருந்தாலும் அவள் மேல் ஒரு வார்த்தை சொல்லத் தனக்கு யோக்கியதை இல்லை என்பதும் தெரிந்தது. வேலைக்குப் போகவில்லை. கதவுக்கு நேரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

ஒன்று பத்துக்கு அவள் வந்தாள். ரொட்டிக் கடை ஃபைல் ஒன்றில் எல்லாத் தாளும் ஒழுங்காகக் கோத்திருந்தது. கடை மெஷினில் இரண்டு பிரதி எடுத்திருந்தாள். கையெழுத்து வேண்டிய இடமெல்லாம், சுழியோடு, போட்டிருந்தாள். கடைசியில் அவர் வைக்காத ஒரு தாள் இருந்தது, அவளுடைய சம்பளச் சீட்டு.

"வீட்டு வருமானம்னு கேட்டிருக்காங்க. உங்க டோக்கன் சம்பளத்தை மட்டும் காட்டினா எவன் ஒத்துக்குவான்? ஏழாவது லெட்டர்லயே எழுதியிருக்கு. பிரிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். கிளம்புங்க."

அவருக்குச் சுருக்கென்றது. தன் பொய்யைக் காப்பாற்ற அவளை முழுக்க ஒதுக்கிவைத்ததில், கணக்கில் சேர வேண்டிய அவள் உழைப்பையும் அல்லவா ஒதுக்கியிருந்தார். கையெழுத்தை மட்டும் திருடிக் கொடுத்திருந்தால், அந்த விண்ணப்பம் அன்றே குப்பைக்குப் போயிருக்கும்.

வங்கியில் மணி மூன்று இருபது. போனில் மட்டும் கேட்ட குரல், கண்ணாடி போட்ட ஒரு சின்ன உருவமாக எதிரில் வந்து உட்கார்ந்தது. தாள்களை எண்ணிப் பார்த்து முத்திரை குத்தினாள். அப்புறம் அவரை விட்டுவிட்டு மனைவி பக்கம் திரும்பி, கடிதத்தைப் படித்தீர்களா என்று கேட்டாள். படித்தேன் என்றாள் மனைவி. இந்த விஷயமெல்லாம் எப்போது தெரியும் என்று கேட்டாள்.

"நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு."

பேனா கொஞ்சம் நின்றது. வங்கிப் பெண் நிமிர்ந்து இரண்டு பேரையும் பார்த்தாள். படிவத்தில் கடைசியாக ஒரு கேள்வி பாக்கி இருந்தது. "இந்த வீட்டைத் தொடர்ந்து வெச்சுக்க நீங்க விரும்புறீங்களா மேடம்?"

மனைவி படிவத்தைத் தன் பக்கம் திருப்பி மேலிருந்து படித்தாள். கிரேன்காரரின் உள்ளங்கை ஏணியைத் தொட்ட நாள் மாதிரி வேர்த்தது. பத்தொன்பது வருஷம் கீழே நிற்பவரின் கையசைவுக்காகக் காத்திருந்தவர்தான். இப்படி ஒரு காத்திருப்பு அவருக்கு வாய்த்ததே இல்லை.

"வெச்சுக்கணும்," என்றாள் கடைசியில். "ஆனா இனிமே எந்த லெட்டரா இருந்தாலும் என் பேருக்கு அனுப்புங்க."

பதிலுக்கு மூன்று வாரம் ஆனது. அதுவரை வீட்டில் பேச்சு, உப்பு எங்கே, சாவி எங்கே என்ற அளவில்தான் நடந்தது. புது டிரைவரை அவள் எதிரிலேயே போனில் கூப்பிட்டு, உண்மையைச் சொல்லி, இனி விளக்குப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த டிரைவர் என்ன கேட்டாரோ, கிரேன்காரர், "ஆமாப்பா, பயம்தான்" என்று சொன்னார். அவள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கடிதம் அவள் பேருக்கு வந்தது. அவள் பிரித்துப் படித்துவிட்டு அவரிடம் நீட்டினாள். ஏலம் ரத்து. தவணை குறைப்பு, கடன் இன்னும் ஏழு வருஷம் நீளும், முதல் மூன்று மாதம் ஒருநாள்கூடத் தவறக் கூடாது. அவர் ஒவ்வொரு வரியாக, அடியில் பொடி எழுத்தில் இருந்ததையும் விடாமல் படித்தார்.

ஜன்னலுக்கு வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. ஆறு மணிக்குக் கேபின் விளக்கு ஒரே ஒரு தடவை அணைந்தது, மறுபடி எரியவில்லை. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இறங்கிட்டாரா அவரு?"

"இறங்கிட்டாரு."

"சரி, உக்காருங்க. நமக்கு டீ வெக்கறேன்" என்று சொல்லி அவள் அடுப்பைப் பற்றவைத்தாள்.